வாளிப் பார்

முட்டத்துக்கு மேற்கே எங்கள் துறையில்
ஆறு ஞாயிறு கூடினோம்,
இரண்டாம் பூசை முடிந்து, பங்கு அரங்கில்.
ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதும் கை என்பதால்
பேனா என்னிடம் வந்தது.
தண்ணீருக்கடியில் எங்கள் ஊர் வைத்த பெயர்களையெல்லாம்
ஒரு வெள்ளைத் துணியில் எழுதிவிடுவதென்று தீர்மானம்.
வந்தவர்கள் முப்பத்தொரு பேர்.
வாய் திறந்தவர் ஒருவர், அதுவும் தேநீர் கேட்டு.

பெயர் சொல்வார்கள். எங்கே என்று சொல்லமாட்டார்கள்.
உரல் பார். மணியடிச்சான் பார்.
மாமியார் பார், உள்ளே போன வலை திரும்பாது.
கடன்தீர்த்தான் பார்,
ஒரே இரவில் கலவா ஏறி
யாருடைய வீட்டுப் பத்திரமோ மீண்டது.
அத்தோடு நிறுத்திக் கூரையைப் பார்ப்பார்கள்.
கரையில் இரண்டு அடையாளம், கடலில் ஒரு புள்ளி:
கணியம் என்பது
கட்டியவளிடமும் சொல்லாத ஏடிஎம் நம்பர்.

மூன்றாம் ஞாயிறு மனமிரங்கினார்கள்.
வேளிமலைத் தோளில் இந்தப் பனை,
முட்டம் விளக்குக்கு நேரே அந்தப் பாறை,
பதினெட்டுப் பாகம், இருபத்திரண்டு பாகம்.
எழுதி எழுதி விரல் வீங்கியது.
பெர்க்மான்ஸ் தன் ஃபைபர் வள்ளத்தில் கருவி ஏற்றிப் போய்
பதினோரு இடம் பார்த்து வந்தான்.
ஒன்பது வெறும் சேறு.

அரங்கமே சிரித்தது.
அதிகம் சிரித்தவர் ஹில்லாரி.
நான்கு பொய் அவருடையது.

சிரிப்பு அடங்குமுன் வியாகுலம் எழுந்தாள்,
கருவாட்டுக் கூடையோடு வந்திருந்தவள்.
"எங்க ஆளு ஒக்கியில போனாரு.
பாரு ஒண்ணு வச்சிருந்தாரு, பேரில்லை.
உறக்கத்துல சொல்லுவாரு:
கோயில் சிலுவை மலைக் கழுத்துல ஏறணும்,
விளக்கு ரெட்டைப் பனையை விட்டு ஒரு விரல் விலகணும்.
எழுதிக்கோ.
எல்லாரும் பிடிக்கட்டு."

எழுதிவிட்டு நிமிர்ந்தால்
பெர்க்மான்ஸ் தலையைச் சொறிகிறான்.
எந்தச் சிலுவை?
பழைய கோயிலை இடித்துப் புதியது கட்டியதில்
சிலுவை நாற்பதடி உயர்ந்து
இருபதடி மேற்கே போய்விட்டது.
ரெட்டைப் பனையிலும் ஒன்றுதான் மிச்சம்.

அடுத்த ஞாயிறு கல்யாண ஆல்பங்கள் வந்தன.
ஐம்பது சொச்சம் ஜோடி,
எல்லார் முதுகுக்குப் பின்னும் பழைய கோபுரம்.
மணமக்களை யாரும் பார்க்கவில்லை.
பாலிடெக்னிக்கில் சர்வே படித்த ரெக்சிலின்
அவர்கள் தலைக்கு மேலே ஸ்கேல் வைத்து அளந்தாள்.
என் படத்தில் நான் அழுதுகொண்டிருந்தேன்;
சிலுவை தெளிவாக இருந்தது.

பழைய அஸ்திவாரம் பைக் நிறுத்தும் இடத்தில் கிடைத்தது.
மூங்கிலோடு மூங்கில் கட்டி நிமிர்த்தி
உச்சியில் ஒரு சிவப்பு வாளி.
பங்குச்சாமி முதலில் முறைத்தார்,
பிறகு கயிறு பிடித்தார்.

பெண்ணை வள்ளத்தில் ஏற்றுவதா என்று
யாரோ தொடங்கினார்.
வியாகுலம் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தாள்.

வாளி மலைக் கழுத்தில் ஏறியது.
விளக்கு ஒற்றைப் பனையை விட்டு
ஒரு விரல் விலகியது.
ஈயக்குண்டு இருபத்தாறு பாகம் இறங்கி
டொக்.
பெர்க்மான்ஸ் கருவியை அணைத்துவிட்டான்.
அவள் கயிற்றை வாங்கி
இழுத்து, இன்னொரு தடவை விட்டாள்.
இன்னொரு தடவை.

துணியில் என்ன பெயர் போட என்று கேட்டேன்.
அவர் பெயரைச் சொல்வாள் என்று நினைத்தேன்.
"வாளின்னு போடு" என்றாள்.

அன்று இரவு
ஐஸ் நொறுக்கும் சத்தத்தினூடே ஹில்லாரி வந்து
என் மேசையில் முழங்கை ஊன்றினார்.
"அந்த உரல் பாரு இருக்குல்லா...
பனையைக் கொஞ்சம் கெழக்கே தள்ளி எழுது மக்ளே."
அடித்து எழுதினேன்.

வாசல் இருட்டில்
இன்னும் மூன்று பேர் நின்றார்கள்,
ஐஸ் வாங்க வந்தவர்கள் போல,
பெட்டி இல்லாமல்.